பொன் கரைசலில் நீலத் தடம்

"ஏனுங்க சார், எங்கூட்டுக்காரரக் கம்பத்துல கட்டி வெச்சு அடிச்சுட்டாங்க. மூணு விலா எலும்பு போச்சு. டாக்டரம்மாவ அவர்தான் கொன்னாருங்கறாங்க."

மஞ்சுவின் சேலையெல்லாம் கணவன் வேலனின் ரத்தம். கட்டபெட்டுக்கு அருகே தேயிலைத் தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் வேலன் காவலாளி. காலையில் அங்கே டாக்டர் சுவாதி தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியால் கழுத்தறுபட்டுக் கிடந்தாள். தூக்கப் பார்த்த வேலன் ரத்தக் கையோடு வெளியே ஓடிவந்தான். அது போதுமாயிருந்தது ஊருக்கு.

வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேதியியலராக இருந்து ஓய்வுபெற்ற குமாரசாமியிடம்தான் அவள் ஓடிவந்திருந்தாள். அவர் பக்கத்து வீட்டு ஆசிரியை ஈவ்லினுடனும் மஞ்சுவுடனும் புறப்பட்டார்.

ஆய்வுக்கூடச் சுவரில் ரத்தம் கூரைவரை தெறித்திருந்தது. எதிர்மூலையில் உடைந்த குடுவை. வெள்ளைத் தரையில் காய்ந்த சிவப்பு.

"இதும் ரத்தமா சார்?"

"தங்கம், டீச்சர். கண்ணுக்குத் தெரியாத பொடித் துகள். தண்ணியில மிதந்தா இந்த நிறம். புத்துநோய்ச் செல்லைக் கொல்லறதுக்காக இந்தப் பொண்ணு செஞ்சது."

அதில் இரண்டு தடங்கள். வெறுங்கால் ஒன்று, சிவப்பாகவே. ஷூத் தடம் ஒன்று, நீலமாக. அது பின்கதவு வழியே, மழையில் நனைந்திருந்த தேயிலைக்குள் போனது.

பின்தொடர்ந்த ஈவ்லின் காலில் ரத்தம் உறிஞ்சும் அட்டையோடு திரும்பினாள். "மஞ்சு, கொஞ்சம் உப்பு இருக்கா?"

"உப்பா? வெடிச்ச கால்ல போட்டா உசுரு போயிருங்க டீச்சர். அட்டை ஏறாம இருக்க நானும் அவரும் கால்ல பார் சோப்புதான் தேய்ப்போம்."

குமாரசாமி அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் வேலனை அடித்த ஆறு பேரும், சுவாதியின் ஆய்வுக் கூட்டாளி ஸ்ரீநிவாசனும் ஆய்வுக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் முன் நின்றார்கள்.

"நான் ரெண்டு நாளா இந்தப் பக்கமே வரலை. சேதி கேட்டுத்தான் குன்னூர்ல இருந்து கார்ல வந்தேன். இப்பத்தான் உள்ள காலே வைக்கிறேன்," என்றார் ஸ்ரீநிவாசன்.

குமாரசாமி அலமாரியில் மிச்சமிருந்த தங்கக் கரைசலை இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்றில் சோப்புத் தண்ணீர், சிவப்பு மாறவில்லை. மற்றதில் ஒரு சிட்டிகை உப்பு, கண்ணெதிரே நீலமானது.

"உப்புப் பட்டாத் தங்கத் துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், நிறம் மாறிரும். வேலன் கால்ல சோப்பு, அதான் வெறுங்கால் தடம் சிவப்பாவே இருக்கு. கொன்னவன் காவலாளி நிக்கற கேட் வழியா வராம, மழையில தேயிலைக்குள்ள வந்திருக்கான். அட்டைக்குப் பயந்து சாக்ஸுல உப்பு. அது கரைஞ்சு ஒழுகியிருக்கு."

"உப்பை யார் வேணா போடலாம்," என்றார் ஸ்ரீநிவாசன்.

"போடலாம். ஆனா உங்க கார் பிரேக் பெடல்ல அதே நீலக் கறை. டீச்சர் பார்த்தாங்க. மருந்து நல்ல செல்லையும் சேர்த்துக் கொல்லுதுன்னு சுவாதி நோட்டுல எழுதியிருக்கா. மருந்து ஜெயிச்சாச்சுன்னு நீங்க மேடையிலயே சொல்லிட்டீங்க. எழுதினதை மாத்த மாட்டேன்னுதானே அவ சொன்னா?"

ஸ்ரீநிவாசன் உடைந்த குடுவையின் கண்ணாடித் துண்டை எடுத்துக் குமாரசாமியின் கழுத்துக்குப் பாய்ந்தார். மஞ்சு இரும்பு முக்காலியைச் சுழற்றினாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அலறியவரை இன்ஸ்பெக்டர் இழுத்துப் போனதும், ஆறு பேரில் ஒருவன் கும்பிட்டான். "தப்பு நடந்துருச்சு, மஞ்சு."

"கும்புடு வேண்டாங்க," என்று அவள் முக்காலியைக் கீழே வைத்தாள். "அவரால தானா எந்திரிச்சு உக்கார முடியாது. நாளையில இருந்து ஆளுக்கொரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து தூக்கி உக்கார வைங்க. அவரு மொகத்தப் பார்த்துக்கிட்டே."