அசையாதவர்கள் மட்டும்

படத்தில் தங்கை விழாதது சரிதான். அதற்காகத்தானே அவளை நடக்கச் சொன்னது. சன்னலோரம் நாலைந்து பேர் வரிசையாக நின்றதுதான் சரியில்லை.

பல் டாக்டரான அக்கா கேமராத் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அவளோடு படமெடுக்க வந்த புகைப்படக் குழுவினர் எல்லோரும் கீழே தேநீருக்குப் போய்விட்டார்கள். எவனாவது குறுக்கே வந்து தொலைப்பான் என்று இரும்புக் கதவைத் தாழ் போட்டவளே அவள்தான். பழைய நூற்பாலையின் அந்த நீண்ட மாடிக் கூடத்தில், மக்கிய பஞ்சின் ஈர வாடைக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் நடுவே, இரண்டே பேர்.

லென்ஸில் கறுப்புக் கண்ணாடி மாட்டி நான்கு நிமிடம் திறந்து வைத்தால் நடமாடுகிறவர்கள் கரைந்துபோவார்கள். அசையாமல் நிற்பவை மட்டும் விழும்.

"நல்லா இருக்குக்கா நியாயம்! சும்மா கூட வான்னு சொல்லிட்டு வாக்கிங் விட்டுட்ட" என்று சலித்துக்கொண்டேதான் தங்கை நடந்தாள். அம்மா போனபின் அக்காவே தலைவாரி, சோறூட்டி வளர்த்த பெண். அக்காவுக்கென்று இருக்கும் ஒரே உயிர்.

"போதும், வாடி" என்று நிமிர்ந்தாள்.

கூடத்தில் யாரும் இல்லை.

காலடிச் சத்தம் மட்டும், உடைந்த ஓட்டுத் துண்டுகளை நொறுக்கிக்கொண்டு, அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. ஓடிப்போய்க் கதவைப் பார்த்தாள். தாழ் போட்டபடியே இருந்தது.

"எங்கடி இருக்க?"

"இங்கதான் நடந்துட்டிருக்கேன். நீ எங்கக்கா போன? உன்னைக் காணோமே!"

குரல் இரண்டடி தூரத்தில் கேட்டது. பாய்ந்து பிடித்தாள். கையில் காற்றுதான் சிக்கியது. இன்னொரு முறை. இன்னொரு முறை. தூணில் மோதி முழங்கை கிழிந்தது. ஐயோ, என் பிள்ளையை நானே தொலைத்துவிட்டேனே!

கண்ணுக்குத் தெரியாதவர்கள் கேமராவுக்குத் தெரிந்தார்களே. அப்படியானால் தங்கையும் தெரிவாள். எங்கே என்று தெரிந்தால் போதும், இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம்.

"நில்லுடி! அப்படியே அசையாம நில்லு!"

"நின்னா பக்கத்துல வர்றாங்கக்கா."

"யாரு?"

காலடிகள் வேகமெடுத்தன. பெரிய பெரிய மூச்சு.

"அக்கா சொல்றேன்ல? நான் பாத்துக்கறேன். நில்லு கண்ணு."

காலடி நின்றது.

பொத்தானை அழுத்தினாள். ஒரு நிமிடம். எண்ணெய் வாடை ஏறியது. இரண்டு. எங்கோ துணி கிழிந்தது. மூன்று. "அக்கா" என்றது குரல், பாதியில். கேமராவைத் தொட்டால் படம் கெட்டுவிடும். தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். நான்கு.

திரை ஒளிர்ந்தது.

கூடத்தின் நடுவில் தங்கை. தோளில், கழுத்தில், வாயில் ஏழெட்டுக் கைகள். நான்கு நிமிடம் யாரை நிற்கவைத்தாலும் மூச்சுக்கு நெஞ்சு அசையும், இமை அடிக்கும். அந்த இடம் கலங்கலாகத்தான் விழும். தங்கையிடம் ஒரு கலங்கலும் இல்லை. இமைமயிரை எண்ணிவிடலாம் போல அத்தனை துல்லியமாக, இரண்டு கண்களும் அகலத் திறந்து, அக்காவைப் பார்த்தபடி இருந்தன.