கிட்டங்கியில் ஒத்திகை

தானியக் கிட்டங்கியின் தரை ஈரமாக இருந்தது.

சாராள் நிலைப்படியிலேயே நின்றாள். மூட்டைகளை அப்புறப்படுத்தி, சன்னல் இடுக்குகளில் களிமண் அப்பி, இரண்டு நாளுக்கு முன் அவளே ஒழித்து வைத்த அறை அது. இப்போது சுவரோரம் வரை பச்சைச் சாணி மினுங்கியது. சாணி வாடைக்கும் பழைய கம்பின் புழுங்கல் வாடைக்கும் அடியில் இலேசாக வேறொன்று இருந்தது. கசந்த கொட்டையைக் கடித்துத் துப்பியது போல, மூக்கில் பட்டதும் இல்லாமல் போய், முகத்தைத் திருப்பினால் மறுபடி வந்து நின்றது.

"யார் மெழுகினது?"

பக்கத்து வீட்டு மாயக்காள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். "நாந்தேன். இருவது பேரு பொணமாட்டம் படுக்கப் போறாக. மெழுகாத தரையில படுத்தா நெசமாவே ஆகிப்போகும், நர்சம்மா. உங்க வேதத்துல இதெல்லாம் கெடையாது, உங்களுக்கு எங்க தெரியும்?"

கடிந்துகொள்ள நேரமில்லை. வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். ஜப்பான் விமானம் பெரியாற்று அணைக்கு வந்து, போகிற போக்கில் கூடலூர் மேல் விஷவாயுக் குண்டு போட்டால் என்ன செய்வது என்று தாலுகாவிலிருந்து உத்தரவு வந்திருந்தது. டாக்டர் யுத்தத்துக்குப் போய்விட்டார். இரண்டு அறை ஆஸ்பத்திரியில் மிச்சம் இருந்தது அவள்தான். காற்றுப் புகாத அறையில் இருபது பேரை, விஷவாயு பட்டவர்கள் போல நடிக்கச் சொல்லி, பதினைந்து நிமிடம் கிடத்த வேண்டும். கதவு திறந்ததும் நான்கு ஜோடி ஆட்கள் ஓடிவந்து அவர்களை ஸ்ட்ரெச்சரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். அவ்வளவுதான்.

படுக்க யாரும் முன்வரவில்லை. அதனால் தன் தங்கையின் பெயரை முதலில் எழுதினாள். பிளேக்கில் அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கென்று இருந்தது ஞானபாக்கியம் ஒருத்திதான். பதினாறு வயது.

"எனக்கு நல்லாக் கத்த வரும் அக்கா," என்று சிரித்தபடி அவள் கதவோரமாகப் படுத்தாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

"கடலே இல்லாத ஊருக்கு ஜப்பான்காரன் எதுல வருவான், மாட்டு வண்டியிலயா?" ஸ்ட்ரெச்சர் தூக்க வந்த வேலுச்சாமி கேட்டான். தெரு சிரித்தது.

கதவைச் சாத்தி, நனைத்த சாக்குகளை இடுக்குகளில் திணித்து, சாராள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி. தாலுகாவிலிருந்து வந்திருந்த ஒரே விஷவாயு முகமூடியை உத்தரவுப்படி மாட்டிக்கொண்டாள். வார்கள் பின்மண்டையில் இறுகின. ரப்பர் நாற்றம். தன் மூச்சே கொல்லன் துருத்தி போலக் காதுக்குள் ஏறி இறங்க, கண்ணாடிக்கு அப்பால் தெருவும் ஆட்களும் மேற்கே மலையும் ஆவியில் மங்கி, தூரத்தில் இருப்பவை போலாயின.

மூன்றாம் நிமிடம், உள்ளே பேச்சும் கிண்டலும் கேட்டன. யாரோ இருமினார்கள்.

"அக்கா, தலை சுத்துது!" ஞானபாக்கியத்தின் குரல். தெரு கைதட்டியது.

ஐந்தாம் நிமிடம், முனகல். ஒன்று, பிறகு பல. குதிகால்கள் தரையில் அடித்துக்கொண்டன, ஈரத் தரையில் துணி துவைப்பது போல.

"ஆத்தாடி, நாடகக்காரி தோத்துப்போவா இவுககிட்ட!" என்றான் வேலுச்சாமி.

"அக்கா."

அது கத்தலாக இல்லை. சாராளின் கை சாக்குக்குப் போனது. பாதியில் கதவைத் திறந்தால் ஒத்திகை செல்லாது. இவர்களை இன்னொரு முறை கூட்ட முடியாது. நன்றாகத்தான் நடிக்கிறாள். கையை எடுத்துக்கொண்டாள். கதவின் அடியில் எதுவோ பிராண்டியது. நின்றது. மறுபடி பிராண்டியது.

நின்றது.

எட்டாம் நிமிடம், சத்தமே இல்லை.

பிளேக் ஆபீசில் எலி வளைக்கு மருந்து அடிக்கும் சுருளியாண்டி அவள் பக்கமாக வந்து நின்றான். நல்லது செய்தவனின் முகம்.

"எலி பயம் வேணாம் நர்சம்மா. நேத்தே உள்ள பொந்து பொந்தா பொடிய அமுக்கி வச்சிட்டேன். ஒரு டப்பா முழுசும். படுக்கிறவுகளக் கடிச்சிரக் கூடாதுல்ல? தரை காஞ்சுதேன் கெடந்துச்சு."

காய்ந்திருக்கும் வரை அது வெறும் பொடி. ஈரம் பட்டால் விஷக் காற்று. டப்பாவின் மேல் எழுதியிருந்ததை ஊருக்கே படித்துச் சொன்னவள் அவள்தான்.

சாக்குகளைப் பிய்த்தாள். கதவைத் தள்ளினாள். அது முழுதாகத் திறக்கவில்லை. உள்ளே ஏதோ தடுத்தது. தோளால் முட்டினாள்.

தடுத்தது ஞானபாக்கியம். குப்புறக் கிடந்தாள். நகங்களுக்குள் சாணி. புரட்டினாள். கண் திறந்திருந்தது. உதடு வெற்றிலை போட்டது போலச் சிவந்திருந்தது. எல்லோருடைய உதடுகளும் அப்படித்தான். உடம்பு சுட்டது. நாடி இல்லை. கழுத்தில் தேடினாள். இல்லை.

பின்னால் காலடிச் சத்தம்.

கதவு திறந்தால் ஓடிவர வேண்டும். பத்து நாள் பழகியது.

"வராதீங்க!"

முகமூடிக்குள் அது வெறும் ஊளை. கைகளை விரித்தாள்.

"யானை பிளிறுது டோய்!" வேலுச்சாமி சிரித்துக்கொண்டே அவள் கையடியில் குனிந்து உள்ளே போனான். கூட்டாளியும் போனான். வாரை அவிழ்க்கப் பார்த்தாள். பிடிபடவில்லை. ஒருவனின் காலைப் பற்றினாள். உதறிக்கொண்டு போனான்.

வேலுச்சாமி ஒரு கிழவியைத் தூக்கக் குனிந்தான். மண்டியிட்டான். நெற்றி அவள் மார்பில் மெதுவாகப் படிந்தது. எழவில்லை. கூட்டாளி அவனை எழுப்பக் குனிந்தான்.

தெரு கைதட்டியது.

இரண்டாம் ஜோடி உள்ளே.

மூன்றாம் ஜோடி ஸ்ட்ரெச்சரை நேராகப் பிடித்து, கால் மாற்றி வைத்து, அவள் சொல்லிக்கொடுத்தபடியே, வாசலில் தலை குனிந்து நுழைந்தது.