கூறைச்சேலையின் இன்னொரு தலைப்பு

சேலம் ஐந்து ரோட்டில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய ஒரு மதியம்... கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் கடைக்குள் வந்தான். கையில் குடை இல்லை. சட்டைக்குள் எதையோ ஒளித்து வைத்திருந்தான். வந்த வேகத்தில் அதை உருவி, கோகிலவாணி அப்போதுதான் அச்செடுத்து அடுக்கியிருந்த காகிதங்களின் மேலேயே வைத்தான். போதாததற்குத் தலைமுடியை வேறு உதறினான்.

"ஏங்க... இது என்ன, குளிக்கிற எடமா?"

"மன்னிச்சுக்குங்க... ஆல்பம் நனையக் கூடாதுன்னு நெஞ்சோட வெச்சுட்டு வந்தேனுங்க."

"ஆல்பம் நனையல. என் பேப்பர்தான் நனைஞ்சு போச்சு."

"குடுங்க, ஊதி ஊதியே காய வெச்சுத் தாரேன்."

சொல்லிவிட்டு நிஜமாகவே ஒரு தாளை எடுத்து ஊத ஆரம்பித்துவிட்டான்! கோகிலாவுக்குச் சிரிப்பு முட்டியது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நனைந்த இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அதற்குள்ளே இரண்டு கண்கள்... சிரிக்கிற கண்கள். இந்த மாதிரிக் கண் வைத்திருக்கிறவன் எவனையும் நம்பக் கூடாது என்று அந்த நிமிடமே முடிவு கட்டினாள்.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. வாழப்பாடியில் அவள் அக்கா கயல்விழிக்கு ஒரு வெளிநாட்டு மாப்பிள்ளை பார்த்தார்கள். பத்திரிகை அடித்து, பாதி ஊருக்கு வைத்தும் ஆயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, அவனுக்கு அங்கே ஏற்கனவே ஒரு மனைவி இருக்கிறாள் என்று. கல்யாணம் நின்றது. அக்கா எப்படியோ எழுந்து நடமாடிவிட்டாள். தங்கைதான் அன்றிலிருந்து பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோரையும் ஒரு தரம் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் பேசுவாள்.

வேலை கிடைத்ததும் அதற்கேற்ற இடத்தில்! விசாவுக்குப் போகிறவர்களின் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, படங்களுக்குக் கீழே விவரம் அடித்து, ஃபைல் கட்டிக் கொடுக்கிற கடை. சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. 'கொண்டு வர்றதை அடிச்சுக் குடும்மா, வர்றவங்களைக் கேள்வி கேக்காத' என்று முதலாளி குருமூர்த்தி தினமும் தலையில் அடித்துக்கொள்வார்.

வந்தவன் பெயர் இனியன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கிறான். அவன் தங்கை அறிவுமதியைக் கட்டியவர் மணிமாறன், அமெரிக்கக் குடிமகன். கல்யாணம் முடிந்து அவர் போய்விட்டார். இப்போது அவள் அங்கே போய்ச் சேர மும்பையில் நேர்காணல்.

"கல்யாணம் நெசமா, விசாவுக்காகக் கட்டுனதான்னு தோண்டித் தோண்டிக் கேப்பாங்களாமுங்க. போட்டோவெல்லாம் கேப்பாங்களாம். யாரு யாருன்னு கீழ இங்கிலீசுல அடிச்சு ஒட்டிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும். நாளைக்கு மத்தியானம் ரயிலுங்க."

"மாப்பிள்ளை வரலையா?"

"அவரு வரோணும்னு இல்லீங்களே. தங்கச்சி மட்டும் போனாப் போதும். தொணைக்கு நானு."

மாப்பிள்ளையைக் காணோம். பெண்ணையும் காணோம். எல்லாம் அண்ணனே பார்க்கிறான்... கோகிலாவின் மூக்கு வியர்த்தது.

"மாப்பிள்ளை காலையில என்ன சாப்பிடுவார்?" என்று சட்டென்று கேட்டாள்.

"ஓட்ஸுங்க. ஞாயித்துக்கெழமை மட்டும் தோசை. அவரே சுடுவாரு, பிஞ்சு போயிரும்."

"அவர் அம்மா பேரு?"

"முத்தாயம்மாளுங்க. சக்கரை இருக்குது. காப்பிக்கு மட்டும் அடங்க மாட்டாங்க."

எல்லாம் ஒப்பிக்கிற மாதிரியே வருகிறதே! "கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பார்?"

இனியன் திருதிருவென்று விழித்தான். காது மடல் சிவந்துவிட்டது. "அதை... தங்கச்சிகிட்டத்தானுங்க கேக்கோணும்..."

கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்ன என்று அவளுக்கு உறைத்தது. சடாரென்று கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐயோ, மானம் போயிற்று... முகம் ஏன் இப்படிச் சுடுகிறது?

"தங்கச்சிக்குத் தெனமும் நாந்தானுங்க கேள்வி கேட்டுப் பழக்கறேன். அதான் எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு" என்றான் அவன் பாவமாக.

நல்ல பதில்தான். இருந்தாலும்... ரொம்ப நல்ல பதிலாக இருக்கிறதே.

படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மாலையோடு பெண்ணும் மாப்பிள்ளையும். தாலி கட்டுகிற படம். இரண்டு பக்கத்துப் பெற்றோர். அப்புறம் ஒரு படம் வந்தது... அவள் கை அப்படியே நின்றது.

அதே மண்டபம். அதே மாப்பிள்ளை. அதே பட்டு வேட்டி. பக்கத்தில் வேறொரு பெண்! தலை நிறையப் பூ, கழுத்து நிறைய நகை, நெற்றியில் பெரிய பொட்டு. மடித்த பட்டுச்சேலை ஒன்றின் ஒரு தலைப்பு மாப்பிள்ளையிடம், இன்னொரு தலைப்பு அந்தப் பெண்ணின் கையில்.

"இ... இது?" என்று கேட்டபோது இனியனின் போன் அடித்தது. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"அதுவும் கல்யாணத்துல எடுத்ததுதானுங்க. அதை மட்டும் விட்றாதீங்க, ரொம்ப முக்கியம்... அலோ, சொல்லுங்க மாமா..." பேசிக்கொண்டே தாழ்வாரத்துக்குப் போய்விட்டான்.

என்ன நெஞ்சழுத்தம்! இரண்டு பெண்ணைக் கட்டியதையும் படம் பிடித்து, விட்டுவிடாதே என்று வேறு சொல்கிறான். இவன் அண்ணனா, இல்லை காசு வாங்கிக்கொண்டு பெண்ணை ஏற்றி அனுப்புகிற ஏஜெண்டா? அந்த அறிவுமதிக்கு இது தெரியுமா? கோகிலாவின் கண்ணுக்குள் அக்காவின் முகம் வந்து நின்றது. கூடாது. இன்னொரு பெண்ணுக்கு அது நடக்கக் கூடாது. கேட்கிற இடத்தில் கேட்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் படத்தின் கீழே ஆங்கிலத்தில் அடித்தாள்: 'மணமகன், இன்னொரு மணப்பெண்ணுடன்.'

மாலையில் வந்து ஃபைலை வாங்கிக்கொண்டவன், அவளை நம்பி, திறந்துகூடப் பார்க்கவில்லை. "ரொம்ப நன்றிங்க... போயிட்டு வாரேன்" என்று அந்தக் கண்களால் சிரித்தான். அவளுக்கு எரிச்சலாக வந்தது. அந்தச் சிரிப்பு பஸ்ஸில் வாழப்பாடி வரைக்கும் கூடவே வந்ததில் இன்னும் எரிச்சல்.

மறுநாள் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அதிகாரி அந்தப் படத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டால்? அந்தப் பெண் அவ்வளவு தூரம் போய் இறங்கிய பிறகு தெரிந்தால்? மத்தியானம் குருமூர்த்தியிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து ஜங்ஷனுக்கு ஓடினாள்.

பிளாட்பாரத்தில் பெஞ்சு மேல் அறிவுமதி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தது... படத்தில் இருந்த அதே பெண்! ஒரே பெஞ்சில் இரண்டு பேருமா?

"அறிவுமதிதானே? நான் ஃபைல் கட்டின கடையிலிருந்து வர்றேன். தனியாப் பேசணும்."

"இங்கயே சொல்லுங்க, இவங்க நம்ம..."

"இவங்களைப் பத்தித்தான் பேசணும்! உங்க வீட்டுக்காரர் இவங்களையும் கல்யாணம் பண்ணியிருக்கார். நான் படம் பார்த்தேன்!"

தயிர்சாதக் கை அந்தரத்தில் நின்றது. அறிவுமதி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் அறிவுமதியைப் பார்த்தாள். அடுத்த நொடி இருவரும் வெடித்துச் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பெஞ்சுக் குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

"அட மகராசி! அவன் எங்கூடப் பொறந்த தம்பி கண்ணு!" என்றாள் அந்தப் பெண். அவள் பூங்கொடி, மணிமாறனின் அக்கா. "அது இணைச்சீரு. எங்க பக்கம் தாலி கட்டறதுக்கு முந்தி, மாப்பிளயோட அக்கா தங்கச்சியச் சோடிச்சு அவன் பக்கத்துல உக்கார வெப்பாங்க. பொண்ணுக்குப் போற கூறைச்சேலையில ஒரு தலப்பு அவங்கிட்ட, ஒரு தலப்பு எங்கிட்ட. நாளைக்கு எம் பையனுக்கு அவம் பொண்ணக் குடுக்கோணும்னு ஒரு உரிமை. அது முடிஞ்சாத்தான் சேலை பொண்ணுக்கே போவும். உங்க பக்கம் இல்லீங்களா?"

"இல்லை..." என்றாள் கோகிலா. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை போல இருந்தது. அப்புறம்தான் பெரிய இடி இறங்கியது. "ஐயோ... அந்த ஃபைல்! நான் கீழே..."

"கீழ என்னங்க?"

தண்ணீர் பாட்டில்களோடு பின்னால் இனியன் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். பாட்டில்களை வைத்துவிட்டு, ஃபைலை எடுத்துப் புரட்டி, அந்தப் பக்கத்தைப் படித்தான். அந்தக் கண்களில் இருந்த சிரிப்பு அணைந்துபோனதை அவள் பார்த்தாள்.

"நெசமான கல்யாணமான்னு சந்தேகப்படற எடத்துக்கே இதைக் குடுத்து உட்டிருக்கீங்களே... எந்தங்கச்சி வாழ்க்கைங்க இது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதுங்களா?"

"கேட்டேன்... நீங்க முக்கியம்னு..."

"முக்கியந்தானுங்க."

வண்டி வந்து நின்றது. கோகிலா தரையிலேயே மண்டியிட்டாள். ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டினாள். கைப்பையிலிருந்து வெள்ளைத் தாளைக் கிழித்து, முட்டி மேல் வைத்து எழுதினாள்: 'மணமகன், தன் அக்காவுடன். தாலி கட்டுவதற்கு முன் நடக்கும் சடங்கு.' ஒட்டப் பசை இல்லை. பூங்கொடிதான் பர்ஸிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். நான்கு மூலைக்கும் நான்கு சிவப்புப் பொட்டு வைத்து ஒட்டி, ஃபைலை அறிவுமதியின் மடியில் வைத்தபோது விசில் ஊதிவிட்டார்கள்.

தங்கையை ஏற்றிவிட்டுப் படியில் ஏறி நின்ற இனியன் திரும்பிப் பார்த்தான். "சந்தேகம் தீந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டான். வண்டி நகர்ந்தது.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விசா இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்களா? அந்தப் பெண் அழுதிருப்பாளா? அவன் போன் நம்பர் கடையில் இருந்தது. எடுப்பாள், வைப்பாள். எந்த முகத்தோடு கேட்பது... இத்தனை நாளும் உலகத்தையே சந்தேகப்பட்டவள், முதல் முறையாகத் தன்னையே சந்தேகப்பட்டாள். அக்காவுக்காகத்தான் அப்படிச் செய்தேனா, இல்லை அவன் சிரிப்பு பிடித்துப்போன பயத்தில் செய்தேனா?

அடுத்த வாரம் மழை இல்லாத ஒரு காலையில் கதவைத் திறந்துகொண்டு அவன் வந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆதாருக்கு ஒரு ஜெராக்ஸ் வேணுமுங்க."

"வி... விசா?"

"எடுங்க, சொல்றேன்."

ஆதாரை வாங்கி மிஷினில் வைத்தாள்.

"அந்தப் பொட்டு வெச்ச பக்கத்தைத்தானுங்க கேள்வி கேட்ட ஆபீசரம்மா மொதல்ல பாத்தாங்களாம். இதை மட்டும் ஏன் கையால எழுதி ஒட்டியிருக்குன்னு கேட்டாங்களாம். தங்கச்சி மறைக்கத் தெரியாதவ, நடந்ததை அப்படியே சொல்லிட்டா. எம் புருசனுக்கு ரெண்டு பொண்டாட்டின்னு நெனச்சு, என்னையக் காப்பாத்த ஒருத்தி ஸ்டேசனுக்கே ஓடி வந்தான்னு..."

"ஐயையோ! அப்புறம்?"

"பேனாவைக் கீழ வெச்சுட்டு அப்படிச் சிரிச்சாங்களாமுங்க. அப்புறம் வேற ரெண்டு கேள்விதான். கெடச்சிருச்சுங்க."

கோகிலா மிஷின் மேல் கவிழ்ந்துகொண்டு அழுதுவிட்டாள். ஜெராக்ஸ் நான்கைந்து சேர்ந்து வெளியே வந்து விழுந்தது.

அதற்குப் பிறகும் அவன் வந்தான். பான் கார்டுக்கு ஒரு ஜெராக்ஸ். லைசென்சுக்கு ஒன்று. மறுபடியும் ஆதார். குருமூர்த்தி கண்ணாடிக்கு மேலே பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. "உண்மையைச் சொல்லுங்க. திருச்செங்கோட்டுல ஜெராக்ஸ் கடையே இல்லையா?"

"எங்க கடைக்குப் பக்கத்துலயே இருக்குதுங்க."

"அப்ப எதுக்கு இங்க வர்றீங்க? என்ன வேணும் உங்களுக்கு?"

இனியன் ஜெராக்ஸைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான். "மும்பையிலிருந்து வந்ததும் உங்க மொதலாளிகிட்ட போன்ல வெலாசம் வாங்கிட்டு, நேரா வாழப்பாடிக்குப் போனேனுங்க. உங்களைப் பத்தி விசாரிக்க."

"என்னது! யார்கிட்ட?"

"உங்க அக்காகிட்டயே. யாரோ ஏவி உட்டு எங்க கல்யாணத்தக் கெடுக்கப் பாத்தீங்களோன்னு எனக்கும் சந்தேகமுங்க. சண்டை போடத்தான் போனேன். அவங்க நடந்ததெல்லாம் சொன்னாங்க. கேட்டுட்டு வெளிய வந்தா கோவத்தையே காணோம். ஆனா உங்களைப் பாக்கோணும்னு மட்டும் இருந்துச்சு... இப்பவும் இருக்குது. எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன். வேற சாதி ஆளுங்களான்னு கேட்டுட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருக்காங்க. ஊட்டுல சோறு மட்டும் போடறாங்க. நாளாவும். ஆனா நான் மாற மாட்டேனுங்க."

இதில் எங்கே பொய்? எங்கே ஒளிவு? வழக்கம் போல் தேடினாள். அந்தக் கண்களுக்குள்ளே இறங்கித் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அக்கா... வேற என்ன சொன்னா?"

"அவ சந்தேகப்படாம இருக்க மாட்டா, முழுசாச் சந்தேகப்பட்டு முடிக்கட்டும், அப்பறம் கேளுங்கன்னாங்க. அதான் தெனம் வந்து பாக்கறேன், முடிச்சிட்டீங்களான்னு..."

கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. யாரோ கதவைத் திறந்து, இவர்கள் நிற்கிற கோலத்தைப் பார்த்துவிட்டு மெல்ல மூடிக்கொண்டு போனார்கள்.

"முடிச்சுட்டேன்" என்றாள். குரல் எழும்பவில்லை. நிமிர்ந்து, அவன் முகத்தைப் பார்த்து, இந்த முறை கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"முடிச்சுட்டேங்க. எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு... ரயில் ஏறுனீங்களே, அன்னைக்கே புடிச்சிருந்துச்சு."