நல்லா இல்லை என்று சொல்கிற வேலை

அந்தக் கோடை விடுமுறையில் என் அண்ணன் பாலகணேஷ் இரண்டு கடைகளில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டு கடைகளிலும் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதலாவது துணிக்கடை. ஓர் அக்கா சேலையைத் தோளில் போட்டுப் பார்த்து, "எப்படித் தம்பி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"உங்களுக்கு எடுப்பா இல்லக்கா. கண்ணு கூசுது," என்றானாம் அண்ணன்.

இரண்டாவது பேக்கரி. பப்ஸ் கேட்டு வந்தவரிடம், "காலையில போட்டது அண்ணாச்சி, நமுத்துட்டு," என்றானாம்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏலே, வாயை மூடிக்கிட்டு நிக்க முடியாதா ஒனக்கு?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"ஞாயித்துக்கிழமை ஒன் மாமா வாரான். அவன்கூடத் திருப்பூருக்குப் போ. பனியன் கம்பெனியில மடிச்சு மடிச்சு அடுக்கு. அங்கன யாரும் ஒங்கிட்ட ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

அண்ணன் அப்போது ப்ளஸ் டூ முடித்திருந்தான். பதினெட்டு வயதும் ஆகியிருந்தது. கல்லூரி திறக்கும்வரை ஏதாவது ஒரு வேலை, அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

அவன் திருப்பூர் போனால் எனக்குப் பெரிய சிக்கல். நான் சைக்கிள் பாதிதான் கற்றிருந்தேன். நேராக ஓட்டுவேன். திருப்பத் தெரியாது. முத்தையாபுரத்தில் எங்கள் தெரு நேராகப் போய் உப்பளத்தில் முடியும். அண்ணன் பின்னாலேயே ஓடிவந்து, என்னையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கித் திருப்பி வைப்பான். அவன் இல்லையென்றால் நான் உப்புக்குள்தான் போய் விழவேண்டும்.

சைக்கிள் மட்டும் காரணமில்லை. ஆனால் அதையெல்லாம் அண்ணனிடம் போய்ச் சொல்ல முடியுமா?

சனிக்கிழமை என் மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது. அண்ணன் என்னை பஸ்ஸில் டவுனுக்கு, ஜெபசிங் அண்ணாச்சியின் கண்ணாடிக்கடைக்குக் கூட்டிப் போனான்.

கடையில் யாரோ ஒரு பெரியம்மா புது ஃப்ரேம் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கண்ணாடியை மூக்கில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார்.

"சூப்பரா இருக்கும்மா," என்றார் அண்ணாச்சி.

"இதுக்கு முன்னால போட்டதையும் சூப்பர்னுதான சொன்னிய. எதைத்தான் எடுக்க?"

எனக்கு அவர் கஷ்டம் புரிந்தது. மூன்றாம் வகுப்பில் முதல் கண்ணாடி வாங்கும்போது எனக்கும் அதே கதைதான். போட்டுப் பார்க்கிற ஃப்ரேமில் பவர் இருக்காது. கண்ணாடியில் பார்த்தால் முகம் இருக்கிற இடத்தில் ஒரு மங்கல்தான் தெரியும். அன்றைக்கு அண்ணன்தான், "ஏளா, ஆந்தை மாதிரி இருக்க. கழட்டு," என்றான். அடுத்ததற்கும் கழட்டு, அதற்கடுத்ததற்கும் கழட்டு. கடைசியில் ஒன்றைப் போட்டதும், "இதுலதான் நீ நீ மாதிரியே இருக்க," என்றான். அதைத்தான் வாங்கினோம்.

அந்தப் பெரியம்மா அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி. நல்லாருக்கா?"

போச்சு என்று நினைத்தேன்.

"நல்லா இல்ல பெரியம்மா. மூக்குல நிக்காம சரியுது. நீங்க எங்கன வேலைக்குப் போறிய?"

"உப்பளத்துக்கு."

"அப்ப இது வேண்டவே வேண்டாம். உப்புக்காத்துல கம்பி பச்சை புடிச்சிரும்."

அண்ணாச்சியின் முகம் சுருங்கியது. அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு ஃப்ரேமாக எடுத்துக் கொடுத்தான். கடைசியில் ஒரு பழுப்பு நிற ஃப்ரேமைப் போட்டதும், "இது சரி. இப்பதான் உங்க முகம் தெரியுது," என்றான்.

பெரியம்மா வேறு எதையும் பார்க்கவில்லை. "இதையே போடுங்க அண்ணாச்சி," என்றார்.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"அண்ணாச்சி, எங்க அண்ணனை வேலைக்கு வச்சுக்கிடுங்க."

"இவனையா? என் கடையில நின்னுக்கிட்டே என் சரக்கைக் கொறை சொல்லுதான்."

"ஃப்ரேம் போட்டுப் பாக்கும்போது எங்களுக்கு எங்க மூஞ்சியே தெரியாது அண்ணாச்சி. நீங்க எல்லாத்தையும் சூப்பர்னா நாங்க எதை நம்ப? நிசத்தைச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?"

அண்ணாச்சி தன் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு தங்க நிற ஃப்ரேமை எடுத்து மாட்டிக்கொண்டு சுவர்க்கண்ணாடியைப் பார்த்தார். கண்ணை இடுக்கினார். அண்ணன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது எனக்கு எப்படி இருக்கு?"

சூப்பர் என்று சொல்லேன், ஒரே ஒரு தடவை சொல்லேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"நல்லா இல்ல அண்ணாச்சி," என்றான் அண்ணன். "நீங்க எப்பவும் போடுறதும் அப்படித்தான்."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"என் வீட்டுக்காரியும் இதையேதான் சொல்லுதா," என்றார் அண்ணாச்சி மெதுவாக. "திங்கக்கிழமையிலேருந்து வா. காலேஜ் தொறக்குறவரைதான். ஒண்ணு சொல்லிட்டேன். நல்லா இல்லன்னு சொன்னா, நல்லா இருக்கிறதை நீதான் தேடி எடுத்துக் குடுக்கணும்."

மாமா ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் திருப்பூர் போனார்.

அந்தக் கோடை முழுக்க அண்ணன் இருட்டுகிற நேரத்துக்கு பஸ்ஸில் வந்து இறங்குவான். சோற்றைக்கூடக் கேட்காமல் சைக்கிளை எடுப்பான். தெருவிளக்கு வெளிச்சத்தில் நான் திருப்பக் கற்றுக்கொண்டேன். கடைசிவரை அவன் பின்னால் ஓடிவந்தான். சீட்டிலிருந்து அவன் கையை எப்போது எடுத்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது அவன் கொச்சியில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வருவான், ஓடிவிடுவான். சைக்கிள் துருப்பிடித்து வீட்டுப் பின்னால் நிற்கிறது.

போன மாதம் நான் புதுக் கண்ணாடி வாங்க அதே கடைக்குப் போனேன். அண்ணாச்சி கறுப்பு ஃப்ரேம் போட்டிருந்தார். அது அண்ணன் அவருக்கு எடுத்துக் கொடுத்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் நான் எதைப் போட்டாலும், "சூப்பரா இருக்கு," என்றாள். கண்ணாடியில் அதே பழைய மங்கல்.

படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. போனை மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தேன்.

"ஆந்தை."

கழற்றி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.