காப்புக் கட்டிய குமிழி

காலைப் பலகாரம் முடிந்ததும் கீழ்க்குமிழி மொத்தமும் கண்ணை மூடிக்கொள்ளும். அடுப்படியில் இருப்பவர் அடுப்பை அணைத்துவிட்டு மூடுவார். ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து மூடுவார். தாலி கட்டும் நேரம் இடித்தால் முகூர்த்தத்தைத்தான் தள்ளிவைப்பார்கள். எல்லோருடைய இமைக்குள்ளும் பிறந்தவுடன் பதித்துவிடும் இமைத்திரையில் ‘யாளிக்கோட்டை’ ஓடும். அத்தியாயம் முடிந்ததும் ஊரே ஒன்றாகக் கண்ணைத் திறக்கும். அதன்பின் சண்டை தொடங்கும்.

செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்கள் கண்ணாடிக் குமிழிகளுக்குள் குடியேறிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. வெளியே மூச்சுவிடக் காற்று கிடையாது. உள்ளே பெரும்பாலான வேலைகளை எந்திரங்களே செய்துவிடும். மிச்சமிருந்தது கதைதான். மலைக்கோட்டையைக் காக்கும் தளபதி கொற்றவேல் ஒரு பக்கம், அந்த மலையே தன்னுடையது என்று சொல்லும் சிங்க உடலும் துதிக்கையும் கொண்ட யாளி மறுபக்கம். ஊரும் அப்படியே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பெண் பார்க்கப் போனால் ஜாதகத்துக்கு முன்னால், “நீங்க எந்தப் பக்கம்?” என்றுதான் கேட்பார்கள்.

பூங்கோதை எந்தப் பக்கமும் சேர முடியாதவள். சுரங்கப்பாதைக்கு அப்பால் இருந்த தலைக்குமிழியில், ‘யாளிக்கோட்டை’யைப் பின்னும் கதைப்பொறிக்கு அவள்தான் மேற்பார்வையாளர். பாத்திரங்கள் தங்கள் குணத்துக்கு மாறாக எதையும் செய்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அவள் கணவன் திருமாறனோ கொற்றவேல் பேரவையின் தலைவன். சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்டால், கொற்றவேல் பிழைப்பானா என்று திருப்பிக் கேட்பான். அவள் வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் அவன் பின்னாலேயே வந்து கெஞ்சுவது அவளுக்குப் பிடித்திருந்தது. சில நாள் அதற்காகவே ஏதோ தெரிந்தவள் போலச் சிரித்துவைப்பாள்.

கதையின் ஒவ்வொரு பருவமும் முடியும் கடைசி வாரத்தில் கீழ்க்குமிழியில் காப்புக் கட்டுவார்கள். முடிவை யாரும் முன்கூட்டியே சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. மணிக்கட்டில் மஞ்சள் நூல் ஏறியதும் செய்தி, அழைப்பு, அறிவிப்பு எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். சுரங்கக் கதவை உள்ளிருந்து தாழிடுவார்கள். காப்பு அவிழும் வரை ஒருவரும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகவும் கூடாது. முடிவு முதலில் பூங்கோதைக்குத்தான் தெரியவரும் என்பதால், அந்த வாரம் அவள் தலைக்குமிழியிலேயே தங்கிக்கொள்ள வேண்டும். இந்த முறையும் திருமாறன்தான் அவளுக்குப் பெட்டி அடுக்கிக் கொடுத்து, கதவு வரை வந்து வழியனுப்பினான்.

கடைசி நாள் காலையில் காற்றுப் பாதுகாப்பு அதிகாரி எட்வின் அவள் அறைக்குள் வந்து, கேட்காமலேயே உட்கார்ந்தார். புழுதிப் புயலில் கீழ்க்குமிழியின் அடிவளையம் விரிசல் விட்டிருந்தது. விரிசல் ஓடிக்கொண்டே இருந்தது. பொழுது சாயும் வரை தாங்கினால் அதிசயம் என்றார். எச்சரிக்கை அனுப்பிப் பார்த்துவிட்டார்கள், ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. கதவை இந்தப் பக்கமிருந்து அறுத்தால், அந்த அதிர்ச்சியிலேயே வளையம் விட்டுப்போகும்.

“அவங்களுக்குள்ள இப்ப போற ஒரே விஷயம் உங்க கதைதாம்மா,” என்றார்.

கடைசி நாளில் அத்தியாயங்கள் அடுத்தடுத்து வரும். இடையிடையே ரசிகர்கள் விவாதிப்பார்கள். அதைக் கேட்டுத்தான் கதைப்பொறி மேற்கொண்டு பின்னும். அதனால் அங்கே பேசுவது இவளுக்குக் கேட்கும். இங்கிருந்து கதையைத் தவிர வேறெதுவும் அங்கே போகாது.

முதலில் அத்தியாயத்தின் நடுவே எட்வினின் அறிவிப்பையே சேர்த்தாள். விளம்பரங்களை நீக்கும் வடிகட்டி அதை விளம்பரம் என்று நினைத்து நீக்கிவிட்டது.

அடுத்த அத்தியாயத்தில் கொற்றவேலையே பேசவைத்தாள். போர்க்களத்தில் வாளைத் தாழ்த்தி அவன் மக்களைப் பார்த்தான். இந்தச் சுவர் தாங்காது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இப்போதே சுரங்கம் வழியாக வெளியேறுங்கள் என்றான். அதுவும் போதாதென்று பயந்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். “திருமாறா, முதலில் நீ கிளம்பு.”

ஊர் கண் திறந்தது. பூங்கோதை காது கொடுத்தாள்.

“சுரங்கமா? எந்தச் சுரங்கம்?” அது யாளிப் பக்கத்து அலங்காரத்தின் குரல். “கோட்டையில சுரங்கம் இருந்திருந்தா, போன பருவத்துல ராணியை எதுக்குக் கயிறு கட்டி இறக்கினாங்களாம்? ஓட்டை, பெரிய ஓட்டை.”

இன்னொருவர் கிராபிக்ஸ் நன்றாக இருந்தது என்றார். சுவர் விரிசல் விடுவது ராணியின் மனம் உடைவதைக் குறிக்கிறது என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர் நீளமாக விளக்கினார். கூட்டம் அதை ஆமோதித்தது. கடைசியாகத் திருமாறன் பேசினான். அவன் குரலில் கூச்சம் இருந்தது.

“அது யாரு திருமாறன்னு எல்லாரும் என்னையே பாக்கறீங்க. எனக்கும் ஒண்ணும் தெரியாது. எம் பொண்டாட்டி பாசத்துல பேரைச் சேத்திருப்பா. அதை விடுங்க. கொற்றவேல் கோட்டையை விட்டு ஓடச் சொல்வானா? அவன் குணமா அது?”

பூங்கோதை மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவன் சொன்னது சரிதான். வேறொரு நாளாக இருந்தால், அந்த வரியை அவளே அடித்திருப்பாள்.

ராணியை அழவைத்தாள். ராணிக்கு நடிப்பு வரவில்லை என்றார்கள். கோட்டைக் குழந்தைகள் மூச்சு முட்டிச் சாவதைக் காட்டினாள். கதை அநாவசியமாக இருண்டுபோகிறது, குடும்பத்தோடு பார்க்க முடியவில்லை என்றார்கள். எட்வின் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் அவர் முகத்தைப் பார்த்தே விரிசல் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். ஒருமுறை அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவருடைய தங்கை குடும்பமும் உள்ளேதான் இருந்தது.

இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்தான் மிச்சம்.

அவள் கதையை யோசிப்பதை விட்டுவிட்டுத் தன் கணவனை யோசித்தாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அடுப்பில் துணி பற்றிக்கொண்டபோது, திருமாறன் ஒரு நிமிஷம் பொறு என்று கண்ணை மூடியபடியே சொன்னான். ஆபத்து அவனை எழுப்பியதே இல்லை. ஆனால் கொற்றவேலின் குதிரை போன அத்தியாயத்தில் கறுப்பு, இதில் பழுப்பு என்று கண்டுபிடித்த அன்று, சாப்பாட்டில் கை வைத்தவன் கை கழுவாமலே தலைக்குமிழிக்கு நடந்து வந்தான். அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

கொற்றவேலுக்கு நேரும் அவமானம் அவனை எழுப்பும். ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் அவமானப்படுத்தினால், மறுபக்கம் உள்ளே உட்கார்ந்து இனிப்பு வழங்கிக் கொண்டாடும்.

பூங்கோதை எழுதினாள். இத்தனை வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த பாத்திரங்கள். கொற்றவேல் மண்டியிட்டு, துதிக்கையைப் பிடித்துக்கொண்டு உயிர்ப்பிச்சை கேட்டான். யாளி தன் தலையைக் கழற்றியது. உள்ளே தொப்பை வைத்த ஒரு ஆள், வியர்த்துக்கொண்டு, சம்பளம் எப்போது தருவீர்கள் என்று கேட்டான். ராணி கொட்டாவி விட்டபடி எழுந்து உட்கார்ந்தாள். எல்லாம் கனவு. சுபம்.

இது பொருத்தமில்லை என்று கதைப்பொறி எச்சரித்தது. அவள் அனுப்பினாள்.

கீழ்க்குமிழி கண் திறந்தது. நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. வளையம் அதற்குள் விட்டுப்போய்விட்டதோ என்று பூங்கோதை பயந்தாள். பிறகு எங்கேயோ ஒரு பெண் விம்மி அழுதாள். அதன்பின் திருமாறனின் குரல் மெதுவாகக் கேட்டது.

“காப்பை அவுத்துப் போடுங்க. வீட்ல ஒருத்தர் பாக்கி இல்லாம வாங்க. நேரா தலைக்குமிழிக்கே போய் நியாயம் கேப்போம்.”

“யாளிக்கு உள்ள ஆளாம்ல. நாங்களும் வரோம்,” என்றாள் அலங்காரம்.

பல தலைமுறைகளில் முதல் முறையாக இரண்டு பக்கமும் ஒன்றாக நடந்தது. கைக்குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள், எண்ணிக்கை கூடினால்தான் கோரிக்கைக்கு மதிப்பு என்று. படுக்கை விரிப்பில் ‘கொற்றவேலுக்கு நீதி வேண்டும்’ என்று எழுதியிருந்தது. உள்ளிருந்து தாழ் திறந்தது. எட்வினின் ஆட்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். கடைசி ஆள் வந்ததும் கதவை அடைத்தார்கள்.

அவர்கள் கூடத்தில் முழக்கமிட்டுக்கொண்டிருக்கும்போதே, பெரிய சன்னலுக்கு அப்பால் கீழ்க்குமிழி பிளந்தது. உள்ளே இருந்த காற்று வெண்மையாகப் பீறிட்டது. கொடியில் காய்ந்த துணிகளும் பாய்களும் தட்டுகளும் சிவந்த வானத்தில் பறந்தன. முழக்கம் பாதியில் நின்றது. படுக்கை விரிப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது.

பூங்கோதை கூட்டத்துக்குள் புகுந்து திருமாறனைத் தேடிப்பிடித்து, அவன் சட்டையை இறுக்கிக்கொண்டு அழுதாள். எட்வின் நடந்ததையெல்லாம் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். திருமாறன் அவள் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் கூடம் முழுக்கப் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வீடு இல்லை, மாற்றுத்துணி இல்லை. சூடாகக் கஞ்சி வந்தது. சிலர் அழுது ஓய்ந்திருந்தார்கள். சன்னல் பக்கம் பார்ப்பதை எல்லோரும் தவிர்த்தார்கள். முதலில் பேசியது அலங்காரம்தான்.

“ஆனாலும், இவ்வளவு பெரிய குமிழி. ஒரு புழுதிப் புயலுக்கு உடையுதுன்னா நம்பற மாதிரியா இருக்கு?”

யாரோ அதானே என்றார்கள். பேராசிரியர் தொண்டையைச் செருமினார். தட்டுகள் கீழே இறங்கின, ஆட்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். பூங்கோதை கணவனைத் திரும்பிப் பார்த்தாள். திருமாறன் அவள் கையை விடாமலே, நியாயமாகப் பேசும் முகத்தோடு முன்னால் சாய்ந்தான்.

“அவங்க சொல்றதுலயும் விஷயம் இருக்கு கோதை. திடீர்னு உடைச்சா எப்படி? முன்னாடியே ஏதாவது ஒரு அறிகுறி காட்டியிருக்கணும்.”