நிற்காத ஸ்டாப் வாட்ச்

"ஐயோ...!"

பழைய ஸ்டேடியத்தின் மேல் கேலரியில் கிளம்பிய அலறல், கீழே சிமெண்ட் தரையில் 'தொப்'பென்று முடிந்தது.

காவலாளி மணி பார்த்தார். ஒன்பது ஐந்து.

விழுந்து செத்தவர் மாநகராட்சி இன்ஜினியர்! உலக விளையாட்டுப் போட்டியை நடத்த இந்த ஊர் விண்ணப்பம் போடலாமா, கூடாதா? பதினோரு மணிக்கு மேயர் சொல்லியாக வேண்டும். இன்ஜினியர் அறிக்கை எப்படியோ, மேயர் முடிவும் அப்படியே!

ஒன்பதே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்து இறங்கினாள். பின்னால் ஏட்டு, பேயறைந்த முகத்தோடு.

"என்னய்யா, பொணம் பாக்காத ஆளா நீ?"

"அதில்ல மேடம்... புது ஸ்டேடியத்துக்காக ஏரிக்கரைல நாலாயிரம் வீட்ட இடிக்கணுமாம். அதுல என் வீடும் ஒண்ணு. இந்த மனுஷன் ஒருத்தர்தான் கூடாதுன்னு நின்னாரு. இனிமே எங்களுக்காக யாரு நிப்பா..."

பக்கத்தில் விண்ணப்பக் குழுத் தலைவர். முன்னாள் ஓட்டப்பந்தயக் கோச். கழுத்தில் எப்போதும் போல ஸ்டாப் வாட்ச்.

"இப்பத்தாம்மா வந்தேன். அஞ்சு நிமிஷம் இருக்கும். பாவம், கால் தவறிடுச்சு போல."

"மேல தூசியில ரெண்டு பேர் ஓடின தடம் இருக்கு கோச் சார். யாரோ துரத்தியிருக்காங்க! அந்த வாட்ச்சைக் குடுங்க."

வாங்கிப் பார்த்தாள். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன! நாற்பத்தேழு நிமிடம்... மூன்று விநாடி... நான்கு...

"ஏட்டு, இப்ப மணி ஒன்பது அம்பத்திரண்டு. நாப்பத்தேழைக் கழிய்யா."

"ஒன்பது... அஞ்சு! ஆத்தாடி!"

"ஸ்கூல்ல நானும் உங்ககிட்ட ஓடினவதான் சார். கண்ணு முன்னால யார் ஓட ஆரம்பிச்சாலும் உங்க கட்டைவிரல் தானா அமுக்கிடும். இன்னிக்கும் அமுக்கிடுச்சு. பதட்டத்துல நிறுத்த மறந்துட்டீங்க!"

கோச் படியில் சரிந்து உட்கார்ந்தார்.

"என் புது ஸ்டேடியம் பிளான்ல கையெழுத்துப் போட மாட்டேன்னான். நாப்பது வருஷக் கனவும்மா... பேசத்தான் வரச் சொன்னேன். கையைப் பிடிச்சதும் ஓடினான். ஆத்திரத்துல தள்ளிட்டேன்..."

இன்ஸ்பெக்டர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள். அவளுக்கு முதல் ஷூ வாங்கித் தந்த மனிதர்.

ஏட்டு, செத்தவர் பையிலிருந்த அறிக்கையைப் பிரித்தார்.

"மேடம்... 'ஏரிக்கரையைத் தொட வேண்டாம். இந்தப் பழைய ஸ்டேடியத்தைப் புதுப்பித்தாலே போதும். விண்ணப்பம் தாராளமாகப் போடலாம்'னு எழுதியிருக்காரு!"

"என்னது... சரின்னா எழுதியிருக்கான்?" கோச் தலையில் அடித்துக்கொண்டார்.

போன் அலறியது. மேயர்! கேட்டுவிட்டு வைத்தாள்.

"கொலை விழுந்த இடத்துல போட்டி வேண்டாமாம். விண்ணப்பம் ரத்து."

விலங்கை எடுத்தாள்.

"ரேஸ்ல துப்பாக்கி வெடிக்கறதுக்கு முன்னாடி ஓடினா வெளிய அனுப்பிடுவீங்களே கோச் சார்... அறிக்கை வர்றதுக்கு முன்னாடி நீங்க ஓடிட்டீங்க. நாங்க உள்ள அனுப்புவோம்!"