எந்திரிக்காத அண்ணி

ரயில் தாமதம் என்று ஒலிபெருக்கி சொல்லி முடிக்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. தையல் மெஷினின் தலைப்பாகத்தைச் சாக்கில் கட்டியிருந்தோம். நானும் அண்ணியும் அதை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, நடைமேடைக் கோடியில் இருந்த பெண்கள் காத்திருப்பு அறைக்கு ஓடினோம்.

பகல்தான். ஆனால் உள்ளே நுழைந்ததும் யாரோ வெளிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது. எட்டாத உயரத்தில் கூரை. ஃபினாயில் நெடி. அதற்கடியில் இன்னொரு வாசனை, ஈரத்தலையோடு படுத்தெழுந்த தலையணையில் வருமே, அது. சுவரோரம் மர பெஞ்சுகள். ஜன்னலடியில் நீண்ட கைகள் வைத்த பிரம்பு சாய்வு நாற்காலி.

அண்ணி நேராக அதை நோக்கிப் போனாள்.

"அதுல வேணாம்மா," என்றாள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுக்காரம்மா. "பெஞ்சு இருக்கே."

"ஏன், உடைஞ்சிருக்கா?"

"உடையல. ஆள் இருக்கு."

நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

அந்தம்மா குரலைத் தாழ்த்தினாள். "முன்னே ஒரு பொண்ணு இதுல உக்காந்து வண்டிக்குக் காத்துக்கிட்டிருந்துச்சாம். பெருங்கூட்டமா ஒரு குடும்பம் வந்து, எந்திரின்னு வெளிய அனுப்பிட்டாங்க. கொட்டுற மழை. வண்டி வந்தப்ப நடைமேடையில விறைச்சுக் கெடந்துச்சு. அதுலேருந்து மழை பெஞ்சா வந்துடும். யார் உக்காந்தாலும் எழுப்பும். எந்திரிச்சுட்டா ஒண்ணும் பண்ணாது. போன மழைக்கு ஒரு டீச்சரம்மா மாட்டேன்னுட்டாங்க. ஸ்ட்ரெச்சர்லதான் தூக்கிட்டுப் போனாங்க. கழுத்து இன்னும் நேரா நிக்கலையாம்."

அண்ணியோ முந்தானையால் பிரம்பைத் துடைத்துவிட்டு, உட்கார்ந்து காலை நீட்டினாள்.

எங்கள் வீட்டில் அண்ணி உட்கார்ந்து நான் பார்த்தது மெஷின் முன்னால் மட்டும்தான். விருந்தாளி வந்தால் எழுவாள். பெரியண்ணன் செருமினால் எழுவாள். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுவாள். அவள் புருஷன், என் சின்ன அண்ணன், இறந்ததும், "மாடியறையை என் பையனுக்கு விட்டுடும்மா. உனக்கு மாடிப்படிக்குக் கீழே இடம் இருக்கு. மெஷின் எதுக்கு, வித்துடு," என்றார் பெரியண்ணன். அண்ணி வெளியூரில் சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை பேசி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். அவளை அங்கே கொண்டுவிடத்தான் நான் கூட வந்தேன்.

மழை வலுத்தது. துப்புரவுக்காரம்மா துடைப்பத்தோடு நழுவிவிட்டாள்.

முதலில் பிரம்பு முனகியது. அண்ணி அசையவில்லை.

பிறகு அந்தத் தலையணை வாசனை ஏறியது.

பிறகு அண்ணியின் தோள்கள் இரண்டிலும் ரவிக்கை நனைந்தது. விரல் விரலாக நனைந்தது.

"எந்திரி."

காதுக்கு மிக அருகில் யாரோ மூச்சு விட்டதுபோல் அந்தக் குரல்.

"அண்ணி, வாங்க, வெளிய போயிடலாம்." அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவளுக்கும் பயம்தான். ஆனால் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீயுமா சொல்றே, எந்திரின்னு?"

கையை விட்டுவிட்டேன்.

"எந்திரி."

கொண்டை அவிழ்ந்தது. ஒருவரும் பிடிக்காமலே கூந்தல் கயிறுபோல் முறுக்கேறிப் பின்னால் இழுபட்டது. அண்ணியின் தலை மெல்ல மெல்லச் சாய்ந்தது. தொண்டை நரம்புகள் புடைத்தன.

அவள் நாற்காலியின் கைகளை இறுகப் பற்றினாள்.

"மாட்டேன்." குரல் கரகரத்தது. "எந்திரிச்சு எந்திரிச்சே தேஞ்சவடி நான். இனிமே எவன் சொன்னாலும் எந்திரிக்க மாட்டேன். செத்தவ சொன்னாலும் எந்திரிக்க மாட்டேன். முறிக்கிறியா? முறி! உக்காந்தபடியே போறேன்."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. நாற்காலியின் கைமேல் ஏறி அவளோடு ஒட்டி உட்கார்ந்தேன்.

"என்னையும் சேத்து எழுப்பு, பாப்போம்!"

என் பிடரியில் ஐஸ்கட்டி உட்கார்ந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"உன்னை எழுப்பினாங்களே," என்று அண்ணி ஆரம்பித்தாள், கூடப்பிறந்தவளைத் திட்டுகிற கோபத்தோடு. "நீ ஏன்டி எந்திரிச்சே? முதல்ல வந்தவ நீதானே? மாட்டேன்னு ஒரு வார்த்தை வாயில வரலையா? அன்னைக்கு அவங்ககிட்டக் காட்ட வேண்டிய வீம்பை இன்னைக்கு என்கிட்டக் காட்டுறியே, நான் உனக்கு என்னடி பண்ணினேன்?"



பின்னால் ஒரு விசும்பல் கேட்டது. கூந்தல் தொப்பென்று அண்ணியின் மடியில் விழுந்தது.

ரயில் வரும்வரை நாங்கள் அந்த நாற்காலியை விடவில்லை. வண்டியின் ஊதல் கேட்ட பிறகுதான் அண்ணி கொண்டையை முடிந்தாள், சேலையை உதறினாள், நிதானமாக எழுந்தாள்.

"இப்ப நானா எந்திரிக்கிறேன். தெரிஞ்சுக்கோ," என்று காலி நாற்காலியிடம் சொல்லிவிட்டுச் சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாள்.

பெட்டியில் எள் போட்டால் விழாத கூட்டம். எப்படியோ ஜன்னலோரம் அண்ணிக்கும், அவளை ஒட்டி எனக்கும் இடம் கிடைத்தது. என் மறுபக்கத்தில் இன்னும் ஓராள் தாராளமாக உட்காரலாம். ஒருவரும் உட்காரவில்லை. பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார்கள்.

அடுத்த நிறுத்தத்தில், பை சுமந்த பெரியவர் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். உட்காரப்போகிறவர்போல் குனிந்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா, கவனிக்கல," என்றார், என் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்து. "வேணாம், வேணாம். எனக்காக நீங்க எந்திரிக்காதீங்க."